பேட்டரி செத்தது சரி, கொன்றது யார்?

வணக்கம் மக்களே! இன்றைக்கு ரிவ்யூவும் இல்லை, ரைடும் இல்லை. திருவொற்றியூரில் எங்கள் வீட்டு வாசலில் கவர் போட்டு நிற்கிறதே, அப்பாவின் கார், அதற்குத்தான் வைத்தியம். பின்னால் பசங்க கிரிக்கெட் ஆடுகிறார்கள், சத்தம் வந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்ததும் இந்த வண்டிக்கு வேலை போய்விட்டது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போய் மாட்டிக்கொள்ள யாருக்கு ஆசை? கல்யாணம், காதுகுத்து என்றால் வண்டி வெளியே வரும். மற்ற நாளில் கவர் மேல் அம்மா வடாம் காயப்போடுவார்.

சரி, சாவியைத் திருப்புகிறேன், கேளுங்கள். டிக் டிக் டிக் டிக். டேஷ்போர்டு விளக்கெல்லாம் மங்கிப்போகிறது, பார்த்தீர்களா? இன்ஜினைச் சுழற்றிவிடுகிற ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிற காந்தச் சுவிட்ச், அதாவது சோலினாய்டு, வோல்டேஜ் போதாமல் ஒட்டி ஒட்டி விடுகிற சத்தம் இது. விளக்கு பிரகாசமாக இருந்து ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டர் பக்கம் பாருங்கள். இப்படி மங்கினால் கோளாறு பேட்டரியில் இருக்கும், அல்லது அதில் கேபிள் மாட்டுகிற முனையில், அதாவது டெர்மினலில் இருக்கும்.

பேட்டரிக் கடை அண்ணன் வந்து பார்த்தார். டெஸ்டரை வைத்து, “போயிடுச்சு தம்பி, மாத்திடு” என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் அது பாதிக் கதைதான். எதனால் போனது என்று பார்க்காமல் மாற்றினால் புதுசும் அதே வழியில் போகும்.

ரிச்சி தெருவில் வாங்கிய சாதாரண மல்டிமீட்டர் போதும். டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். மீட்டர் முனையைக் கேபிளைப் பிடித்திருக்கிற கிளாம்பில் வைக்காதீர்கள், நடுவில் தெரிகிற ஈயக் குமிழிலேயே வையுங்கள். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். 11.9 காட்டுகிறது. வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு 12.6, 12.7 இருந்தால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் ஏறக்குறைய கால். நம்முடையது அதற்கும் கீழே.

இதை வைத்து மட்டும் செத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. பட்டினியாகக்கூட இருக்கலாம், சாப்பாடு போட்டுப் பார்ப்போம். சமையலறை பிளக்கில் இருந்து ஒயர் இழுத்து சார்ஜரை மாட்டுகிறேன். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் பீடி சிகரெட் வேண்டாம். கட்.

இது மறுநாள். சார்ஜரைக் கழற்றி, ஹெட்லைட்டைச் சில நிமிடம் எரியவிட்டு அணைத்தேன். சார்ஜர் ஏற்றிவிட்ட மேல்பூச்சு வோல்டேஜ் அப்போதுதான் இறங்கும். இப்போது 12.5. பரவாயில்லையே என்று தோன்றும். இருங்கள், உண்மையான பரீட்சை இனிமேல்தான். தம்பி, ஸ்டார்ட் பண்ணுடா! பார்த்தீர்களா, 8.4 வரை விழுந்துதான் வண்டி எழுந்தது. ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் 9.6க்குக் கீழே போகக் கூடாது என்பது மெக்கானிக்குகள் பொதுவாக வைத்திருக்கிற கோடு.

குமிழில் வைக்கச் சொன்னது இதற்குத்தான். கிளாம்பில் வைத்து அளந்து 8.4 வந்தால், பேட்டரி நன்றாக இருந்து டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடிகூட காரணமாக இருக்கலாம். நாங்கள் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், உப்புக்காற்றில் இரும்பு எதுவும் தங்காது. ஆப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கழுவி, உலர்ந்ததும் கொஞ்சம் வாசலின் தடவினால் போதும். சில பேருக்கு வேலை இதிலேயே முடிந்துவிடும்.

இன்ஜின் ஓடும்போது 14.2 காட்டுகிறது, பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர் நலம். ஆக, சார்ஜ் ஏறுகிறது, ஆனால் பேட்டரியில் தங்கவில்லை. பேட்டரி பாதிக் காலியாகவே நின்றுகொண்டிருந்தால் தகடுகளில் லெட் சல்ஃபேட் படிகம் இறுகிவிடும். டப்பாவில் கெட்டியாகிப்போன உப்பு மாதிரி, அப்புறம் எவ்வளவு தட்டினாலும் முழுசாக உதிராது. சென்னை வெயில் இதை இன்னும் வேகப்படுத்தும்.

இப்போது, வண்டி சும்மா நிற்கும்போதும் கரண்டைத் தின்கிற கொலைகாரனைத் தேடுவோம். எல்லாவற்றையும் அணைத்து, மைனஸ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் குமிழுக்கும் நடுவில் மீட்டரை வைக்கிறேன். சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்ற மறக்காதீர்கள். இந்த நிலையில் சாவியைத் திருப்பினால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். கதவு திறந்திருந்தால் அதன் லாக்கை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடியது போல ஏமாற்றுங்கள். வண்டியின் கம்ப்யூட்டர்கள் தூங்க அரை மணி நேரம் கொடுங்கள். சாவியையும் தள்ளி வையுங்கள்.

தூங்கின பிறகும் 90 மில்லி ஆம்பியர். பொதுவாக 50க்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பார்க்கிறேன். ஆடியோ ஃபியூஸைப் பிடுங்கியதும் 22க்கு விழுந்தது. அந்தப் பெரிய திரை ஸ்டீரியோதான் ஆள்! வெளியில் ஒரு கடையில் போட்டது. மஞ்சள் ஒயர் பேட்டரியில் இருந்து எப்போதும் வருகிற நேர் கரண்டுக்கு, சிவப்பு ஒயர் சாவி போட்டால் வருகிற கரண்டுக்குப் போக வேண்டும். மாட்டியவர் இரண்டையும் ஒன்றாக முறுக்கி நேர் கரண்டில் கொடுத்திருக்கிறார். திரை அணைந்துதான் இருக்கும், உள்ளே பெட்டி விழித்துக்கொண்டே கிடக்கும். பிரித்து மாட்டி, ஃபியூஸையும் திரும்பப் போட்டுவிட்டேன், இப்போதும் 22தான்.

அப்பா பின்னால் இருந்து கேட்கிறார், “நான்தான் வாரா வாரம் அஞ்சு நிமிஷம் ஓடவிடுறேனே?” என்று. நல்ல கேள்வி, இதைக் கணக்காகவே போடுவோம். ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர் மணி. ஸ்டார்ட்டர் 150 ஆம்பியரை 2 வினாடி இழுத்தாலும் அது 0.1 ஆம்பியர் மணிகூட இல்லை. 90 மில்லி ஆம்பியர் ஒரு வாரம் கசிந்தால் 15 ஆம்பியர் மணி. இது 35 ஆம்பியர் மணி பேட்டரி, கிட்டத்தட்ட பாதி போய்விடுகிறது. நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடினால், சராசரி 8 ஆம்பியர் ஏறுகிறது என்று தாராளமாகவே வைத்தாலும், 0.7தான் திரும்பி வரும். கசிவைச் சரிசெய்த பிறகும் வாரத்துக்கு 3.7 போகும். போதாக்குறைக்கு, சூடேறாத சைலன்சரில் தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும். அப்பா, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வாராவாரம் நிஜமாகவே ஓட்டுங்கள். ஞாயிறு விடியற்காலை மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போய் மீன் வாங்கி வந்தால் பேட்டரிக்கும் நல்லது, குழம்புக்கும் நல்லது. முடியாதவர்கள் மாதம் ஒருமுறை சார்ஜர் போடுங்கள். அதுவும் முடியாவிட்டால் மைனஸ் கேபிளைக் கழற்றி வையுங்கள், கதவைச் சாவியால் திறக்க முடிகிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொண்டு.

மாற்றுவது சின்ன வேலைதான். 10 ஸ்பேனர், கையில் மோதிரம் வேண்டாம். முதலில் மைனஸ், அப்புறம் பிளஸ். பிளஸ்ஸை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். மாட்டும்போது தலைகீழ், முதலில் பிளஸ். கிளாம்பைச் சுத்தியலால் தட்டி இறக்காதீர்கள். அடியில் பிடிக்கிற பட்டையை இறுக்க மறக்காதீர்கள், நம் ரோட்டுப் பள்ளத்தில் ஆடினால் தகடு உதிரும்.

வாங்கும்போது பழைய பேட்டரி மேல் இருக்கிற எண்ணைப் படம் எடுத்துப் போங்கள். இதில் 38பி20எல் என்று இருக்கிறது. 20 என்பது நீளம், சென்டிமீட்டரில். கடைசி எழுத்து எல் (L) அல்லது ஆர் (R), டெர்மினல் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லும், மாறினால் கேபிள் எட்டாது. பணம் கொடுக்கும் முன் தயாரிப்புத் தேதியைக் கேளுங்கள், அங்கேயே மீட்டரை வையுங்கள். 12.5க்குக் கீழே காட்டினால் வேறு எடுக்கச் சொல்லுங்கள். வெகுநாள் ரேக்கில் உட்கார்ந்திருந்தால் கடையிலேயே கெட ஆரம்பித்திருக்கும். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

பழையதைக் கடையிலேயே கொடுங்கள், விலையில் கழிப்பார்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிகள் வந்த பிறகு, திரும்ப வாங்கி மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. கொஞ்சம் கூடக் கிடைக்கிறது என்று தெருவில் வருகிறவரிடம் போட்டுவிடாதீர்கள். எங்காவது குடியிருப்பு ஓரத்தில் உடைத்து ஈயத்தை உருக்கினால் அந்த மண்ணில் விளையாடுகிற குழந்தைகளுக்குத்தான் கேடு.

புதுசு போட்டாச்சு. ஸ்டார்ட் செய்யும்போது 10.6, அப்புறம் 14.2. பேட்டரியைக் கழற்றியதில் வண்டி மறந்துபோன கடிகாரத்தைத் திருத்தணும், ஜன்னல் கண்ணாடியின் ஆட்டோ பட்டனை மறுபடி பழக்கணும். உங்கள் வண்டியின் மூன்று ரீடிங்கையும், நின்றபோது, ஸ்டார்ட் ஆகும்போது, ஓடும்போது என்று, கீழே எழுதுங்கள். எந்த மாடல், எத்தனை வருஷப் பேட்டரி என்பதையும் சேர்த்துப் போட்டால் பார்த்துச் சொல்கிறேன். அப்பா சாவி கேட்கிறார், வரட்டா.