பத்திரத்துல பேரா, விலை போடுற மேசையில நாற்காலியா?

நடுவர் அவர்களே, வணக்கம். "ஆப்பிரிக்க நாடுகள் கனிமத்தைக் காப்பாத்த நல்ல வழி சுரங்கத்தை அரசே எடுத்துக்குற தேசியமயமா, கம்பெனியோட கூட்டு சேர்ந்து பேசுற பேரமா?" இதுதான் தலைப்பு, நான் பேரத்தோட பக்கம். எனக்கு முன்னாடி பேசின எதிரணி தம்பி போட்ஸ்வானாவை ஒரு பிடி பிடிச்சாரு, சொந்த மண்ணுல கிடைக்கிற வைரத்துல பாதியை டி பீர்ஸ்ங்கிற பெரிய வைரக் கம்பெனிக்கு தாரை வாத்துட்டாங்களாம். கைதட்டலும் நல்லாவே விழுந்துச்சு. ஆனா அந்தப் பாதிப்பாதிக்கு எப்படி வந்தாங்கன்னு அவர் வாயே திறக்கல.

1966ல சுதந்திரம் கிடைச்சப்போ அங்க தார் ரோடு மொத்தமே சுமார் 12 கிலோமீட்டர்தாங்க. மறுவருஷமே ஒராபால வைரம் கிடைக்குது. ஒராபா இருக்கிறது பமங்வாட்டோ மக்களோட நிலம், முதல் ஜனாதிபதி செரெட்சே காமா பிறந்தது அதே இனத்து தலைமைக் குடும்பத்துல. நினைச்சிருந்தா "எங்க சாதி சனத்து சொத்து"ன்னு சுருட்டியிருக்கலாம்ல? அதே 1967ல கனிம உரிமை எந்த இனத்துக்கும் இல்ல, மொத்த நாட்டுக்கும்னு சட்டமே கொண்டு வந்தாரு மனுஷன். என்னைக் கேட்டா கம்பெனியோட பேசுறதுக்கு முன்னாடி வீட்டுக்குள்ள முடிச்ச இந்தப் பேரம்தான் எல்லாத்தையும் விட பெருசு.

டி பீர்ஸோட போட்ட முதல் ஒப்பந்தத்துல, சுரங்கத்துல அரசோட பங்கு வெறும் 15 சதவீதம். சரி, ஏமாந்த ஒப்பந்தம்னே வச்சுக்குவோம். ஆனா வைரம் எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்ச பிறகு, கம்பெனி அடுத்த சுரங்கத்துக்கு வந்து நின்னப்போ, பழைய கணக்கைத் திருப்பி மேசையில போட்டு 1975ல 50 சதவீதம் ஆக்கிட்டாங்க. அதுவும் பங்கு மட்டும்தான், அதுக்கு மேல வரி தனி, எடுக்கிற வைரத்துக்கு கட்டுற 10 சதவீதம் ராயல்டி தனி, எல்லாம் சேர்த்தா லாபத்துல ஏறக்குறைய 80 சதவீதம் அரசு கஜானாவுக்குப் போகுதுன்னு சொல்றாங்க. தம்பி, உங்க "பாதி" எங்க போச்சு?

இப்ப எதிரணியோட வழியையும் பாத்துடலாம். 1967ல காங்கோல ஜனாதிபதி மொபுட்டு பெல்ஜியக் கம்பெனி கையில இருந்த செப்புச் சுரங்கத்தைப் பிடுங்கி அரசு கம்பெனி ஆக்கினாரு, பின்னாடி அதுக்கு ஜெகாமின்ஸ்னு பேரு வந்துச்சு. நூத்துக்கு நூறு நம்மளுது! அப்புறம் வந்த காசையெல்லாம் மேலிடம் உறிஞ்சுது, மெஷினுக்குப் பாகம் வாங்கக்கூட பணம் இல்ல, 1990ல கமோட்டோ சுரங்கத்துல ஒரு பகுதி அப்படியே இடிஞ்சு உக்காந்துச்சு, வருஷம் 4 லட்சம் டன்னுக்கு மேல செம்பு எடுத்த இடத்துல சில வருஷத்துல 50 ஆயிரத்துக்கும் கீழ வந்துடுச்சு. பத்திரத்துல பேரு மட்டும் பத்திரமா இருந்துச்சு.

வைரத்துல சூட்சுமமே விலைதாங்க. பட்டை தீட்டாத கல்லுக்கு தங்கம் மாதிரி ஊரறிஞ்ச ரேட்டு கிடையாது. அளவு, நிறம், உருவம் பாத்து ஆயிரக்கணக்கான ரகமா பிரிச்சு, பொட்டலமா வியாபாரி முன்னாடி வைப்பாங்க. வருஷத்துக்கு பத்து தடவை நடக்கும், இருந்தா எடு இல்ல கிளம்பு, அவ்வளவுதான். பல காலம் இது நடந்தது லண்டன்ல. 2011 ஒப்பந்தத்துல பேரம் பேசி, 2013ல அந்த விற்பனையையே தலைநகர் கபரோனிக்கு இழுத்துட்டாங்க. சூரத், ஆன்ட்வெர்ப் வியாபாரியெல்லாம் இப்ப அங்க பிளைட் பிடிக்கணும். கூடவே ஒகவாங்கோன்னு சொந்தக் கம்பெனி, ஒரு பங்கை அவங்களே ஏலம் விட்டுப் பாக்குறாங்க. விலை தெரியாதவன் நூறு சதவீதம் வச்சிருந்து என்ன பிரயோஜனம், விலை தெரியுற அந்த இடத்தையே ஒப்பந்தமா எழுதி வாங்கினது போட்ஸ்வானா. 2025ல கையெழுத்தான ஒப்பந்தப்படி இந்த சொந்த விற்பனைப் பங்கு முதல் அஞ்சு வருஷம் 30 சதவீதம், அடுத்த அஞ்சு வருஷம் 40, ஒப்பந்தத்தை இன்னும் அஞ்சு வருஷம் நீட்டிச்சா 50 ஆகும்.

"இப்ப நாடே திண்டாடுதே"ன்னு தம்பி கேட்டாரு. உண்மை, நான் மறைக்கல. லேப்ல செய்ற வைரம் வந்து விலை விழுந்துச்சு, 2024ல பொருளாதாரமே சுருங்கிச்சு, 58 வருஷமா ஆண்ட கட்சியை மக்கள் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஒரே சரக்கை நம்பினது தப்பு, அதுல எனக்கும் வருத்தம்தான். ஆனா தேசியமயம் பண்ணியிருந்தா லேப் வைரம் வராம இருந்திருக்குமா? விக்காத கல்லு மொத்தமும் அரசு தலையில விடிஞ்சிருக்கும், இப்ப பாதியாவது கம்பெனி தலையில.

டி பீர்ஸையே வாங்க போட்ஸ்வானா ஆசைப்படுதேன்னு அடுத்து பேசப்போற அக்கா கண்டிப்பா கேப்பாங்க, நோட்டுல எழுதுறது இங்கிருந்தே தெரியுது. டி பீர்ஸோட பெரும்பங்கை வச்சிருக்கிற ஆங்கிலோ அமெரிக்கன் கம்பெனி அதை விக்க வந்திருக்கு, போட்ஸ்வானா டி பீர்ஸ்ல ஏற்கனவே 15 சதவீத பங்குதாரர், விலை கேக்குறாங்க. அக்கா, அதுக்குப் பேரும் பேரம்தானே?