நட்டுவாக்காலியின் கையைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். தேள் என்ற சொல் காதில் விழுந்ததுமே சிலர் காலை மேலே தூக்கி வைத்திருப்பீர்கள். அப்படியே சௌகரியமாக உட்கார்ந்து கேளுங்கள்.

விறகைப் புரட்டும்போது, கல்லை நகர்த்தும்போது, கறுகறுவென்று, நண்டுக்கை போன்ற இரண்டையும் தூக்கிக்கொண்டு ஒன்று எதிர்த்து நிற்குமே, அந்த நட்டுவாக்காலியைப் பற்றித்தான் பேச்சு. 15 சென்டிமீட்டர் அதற்குச் சாதாரணம். சில இனங்கள் 20ஐயும் தொடும். அதைக் கண்டு அலறுகிறோம். பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஓடும் செந்தேளைச் ‘சின்னதுதானே’ என்று விட்டுவிடுகிறோம். கணக்கு தலைகீழ்!

தேளுக்கு இரண்டு கருவிகள்: முன்னால் இடுக்கி, பின்னால் கொடுக்கு. இடுக்கி பருத்திருந்தால் கரப்பானை நசுக்கியே கொன்றுவிடலாம், கடும் விஷம் தேவைப்படாது. செந்தேளின் இடுக்கி மெலிந்தது. இரை துள்ளினால் பிடித்து வைக்கவே திணறும். ஆகவே வேலை முழுவதும் கொடுக்கின் தலையில் விழுகிறது. வால் தடித்திருக்கிறது, விஷமும் கடுமை. கையைப் பாருங்கள், வாலைப் பாருங்கள், நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். செந்தேள் என்று பெயர்தான். ஆரஞ்சு முதல் கரும்பழுப்பு வரை இருக்கும். கையையும் வாலையும் பார்ப்பதும் தோராயமான விதிதான், தொட்டுப் பார்த்துச் சோதிக்க வேண்டாம்.

வால் என்கிறோம், உண்மையில் அது வயிற்றின் நீட்சி. குடல் அதன் வழியாகவே ஓடி, கொடுக்குக்குச் சற்று முன்னால் முடிகிறது. மேற்கொண்டு விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

பகலெல்லாம் வளைக்குள் கிடந்துவிட்டு, இருட்டியதும் வாசலில் வந்து உட்காரும். தேடி அலைவது குறைவு, காத்திருப்பதே அதிகம். கண்ணுக்குப் பஞ்சமில்லை: நடுமுதுகில் ஒரு ஜோடி, முன் ஓரங்களில் இன்னும் சில ஜோடி. ஆனால் உருவம் தெளிவாகத் தெரியாது. கைகளிலுள்ள மெல்லிய மயிர்கள் காற்றின் அசைவைச் சொல்லும். கால்கள் மண்ணின் அதிர்வைச் சொல்லும். வயிற்றின் அடியில் சீப்பு போன்ற இரண்டு உறுப்புகள் தரையை வருடி மணமறியும். பிடித்த இரையை அப்படியே விழுங்காது. வாயருகே வைத்துப் பிசைந்து, செரிமான நீரை ஊற்றி, கூழாக்கி உறிஞ்சும். கடைசியில் ஓட்டு உருண்டை ஒன்றுதான் மிஞ்சும்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ‘தேள்குஞ்சு தாயின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு பிறக்கும்’ என்பார்கள். இல்லவே இல்லை. தேள் முட்டையிடாது. மாதக்கணக்கில் வயிற்றில் சுமந்து, அடிவயிற்றுத் துவாரம் வழியாக ஒவ்வொன்றாக ஈனும். அப்போது முன்கால்களை மடித்துக் கூடைபோல் வைத்துக்கொள்ளும். விழும் குஞ்சு அந்தக் கால்களைப் பற்றி முதுகில் ஏறும். அடித்துக் கொன்ற தாயின் மேலிருந்து குஞ்சுகள் சிதறியதைப் பார்த்துத்தான் அந்தக் கதை பிறந்திருக்க வேண்டும்.

குஞ்சுகள் வெள்ளை வெளேரென்று இருக்கும். பாதத்தில் நகம் இருக்காது, ஒட்டிக்கொள்ளும் மெத்தைதான். எதையும் தின்னாது, உடலிலிருக்கும் சேமிப்பில் ஓடும். ஓரிரு வாரங்களில் முதல் சட்டையை உரிக்கும். அதன்பின் நகம் வரும், நிறம் ஏறும். அதற்குமுன் கீழே விழுந்து தாயிடம் திரும்ப முடியாத குஞ்சு பிழைப்பது அரிது. குஞ்சு சுமக்கும் தாயைக் கலவரப்படுத்தினால் அது தன் குஞ்சுகளையே தின்றுவிடுவதும் உண்டு. ஆகவே கல்லைப் புரட்டி அப்படி ஒரு தாயைக் கண்டால், கல்லை மெதுவாக, நசுக்காமல், இருந்தபடியே வையுங்கள். மெதுவாக!

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான். புற ஊதா டார்ச்சில் தேள் பச்சை நீலமாக ஒளிர்வதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஒன்று மட்டும்: அந்த ஒளி ஓட்டில் இருக்கிறது. அதனால் உரித்துப் போட்ட சட்டையும் ஒளிரும். சட்டை உரித்துச் சற்று நேரமே ஆன, இன்னும் இறுகாத தேள் ஒளிராது. டார்ச்சில் எதுவும் மின்னவில்லை என்பதால் கையை நீட்டிவிடாதீர்கள்.

கடைசியாக, கொட்டினால். நட்டுவாக்காலி என்றால் பெரும்பாலும் வலியும் வீக்கமும்தான். செந்தேள் என்றால் வியர்வை, வாந்தி, கைகால் சில்லிடுதல், மூச்சுத்திணறல். குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். கட்டுப்போட வேண்டாம், கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம். உடனே மருத்துவமனை. மகாராஷ்டிரத்தின் மகாட் ஊர் மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், பிரசோசின் என்ற ரத்த அழுத்த மருந்து இதில் உயிர் காப்பதை 1980களிலிருந்தே காட்டிவருகிறார். நேரத்தோடு போய்ச் சேர்ந்தால்தான் அது உதவும். தேள் எது என்று தெரியாவிட்டாலும் போய்விடுங்கள், அதைத் தேடிப் பிடிக்க நிற்காதீர்கள். நன்றி, வணக்கம்.