பங்குனித் துளிரும் பிடியரிசியும்

கர்த்தருக்குள் அன்பானவர்களே,

நம் கொங்குச் சீமையில் வசந்தம் மழையோடு வருவதில்லை. மாசியில் வேம்பு இலையெல்லாம் கொட்டிவிடும். கிணற்றுத் தண்ணீர் கீழே போய், காடுகரை காய்ந்து கிடக்கிற பங்குனியில்தான் அதே மரம் செம்பு நிறத்தில் துளிர்க்கிறது. ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்களான லெந்தும் அந்தக் காய்ந்த நாட்களில்தான் வருகிறது. ஈஸ்டர் மார்ச் 22-க்கு முன்னும் வராது, ஏப்ரல் 25-ஐத் தாண்டியும் போகாது. லெந்து தொடங்குகிற சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள்வரை ஞாயிறுகளை நீக்கி எண்ணினால் 40 நாள்.

கறியை விடுகிறோம், காபியை விடுகிறோம். விட்டது யாருக்குப் போய்ச் சேர்ந்தது? ஏசாயா 58-ஆம் அதிகாரம் கேட்பது அதைத்தான். பசித்தவனோடு ஆகாரத்தைப் பகிர்வதே தேவன் விரும்பும் உபவாசம். இரக்கமும் கை பழகப் பழகத்தான் வரும்.

பிடியரிசி நம் வீடுகளில் பழைய வழக்கம். உலைக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை இல்லாதவர்களுக்கென்று தனிப் பானையில் போட வேண்டும். பிடிக்குச் சுமார் 50 கிராம் வைத்தால், தினம் இரண்டு வேளைக்கு 40 நாளில் 4 கிலோ. அளந்ததை விட்டுவிட்டு மூட்டையிலிருந்து எடுத்துப் போட்டால் நம் தட்டில் ஒரு பருக்கையும் குறையாது, உபவாசம் நம்மைத் தொடாமலே போய்விடும். வீட்டுக்குப் பொன்னி, பானைக்கு ரேஷன் அரிசி என்று பிரிக்கவே கூடாது. ஈஸ்டர் வரை சேர்த்தால் வண்டு விழும், வாரத்துக்கு ஒருமுறை கொடுத்துவிடுங்கள். கொடுத்தவர் பெயரை மைக்கில் வாசிக்காதீர்கள். மத்தேயு 6-இல் ஆண்டவரே அதைத் தடுத்திருக்கிறார். வாங்குகிறவருக்கும் அது கூச்சம்.

திருப்பூரில் பனியன் கம்பெனி, சோமனூரில் தறிப்பட்டறை வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சனிக்கிழமைக் கூலியை, "திங்கக்கெழம வாப்பா" என்று தள்ளிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காணிக்கை போடாதீர்கள். கூலிக்காரனின் கூலி விடியும்வரைகூட உன்னிடம் இருக்கக் கூடாது என்கிறது லேவியராகமம் 19:13.

லூக்கா 10-இல், கள்ளர் கையில் அடிபட்டு வழியில் கிடந்தவனுக்குச் சமாரியன் செய்ததை வரிசையாகப் பாருங்கள். கிட்ட வந்தான். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டினான். தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்தான். மத்தேயு 20-இன் கணக்கில் அது இரண்டு நாள் கூலி.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிற தம்பிக்குக் காய்ச்சல் கண்டால், பக்கத்தில் இருக்க ஆள் கிடையாது. அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது அவருடைய ஆதார், பழைய மருந்துச் சீட்டு, இந்தி தெரிந்த ஒருவரின் போன் நம்பர், மூன்றும் கையில் இருக்கட்டும். வார்டில் பிரசங்கம் வேண்டாம். எல்லாம் இழந்து புண்ணோடு கிடந்த யோபுவின் நண்பர்கள் 7 நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை ஆறுதலாக இருந்தார்கள்; வாய் திறந்து பாவத்தைத் தேட ஆரம்பித்ததும் புண்ணைக் கிளறினார்கள். "தம்பி, சாப்ட்டயா? ஊட்டுக்குப் போன் போட்டுத் தரட்டா?" இவ்வளவு கேட்டால் போதும்.

திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் சமாரியன் போனான். நாம் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். மாத்திரை எத்தனை நாளுக்கு என்று சீட்டில் பார்த்து, பாதி நாளில் ஒரு தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அன்றைக்கு அவர் ரூமுக்குப் போய் மாத்திரை அட்டையை வாங்கி எண்ணுங்கள். காய்ச்சல் விட்டதும் ஷிஃப்டுக்கு ஓடி, மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர்.