க்ரோன்ஷ்டாட் மாலுமிகள் கேட்டது

அன்பார்ந்த நண்பர்களே,

சோவியத் அரசு சோசலிச இலட்சியத்திற்கு உண்மையாக நடந்துகொண்டதா என்று ஆராய வருவோர் பெரும்பாலும் ஸ்டாலின் காலத்திலிருந்தே தொடங்குகிறார்கள். நான் க்ரோன்ஷ்டாட் மாலுமிகள் கிளர்ந்தெழுந்த 1921 மார்ச்சிலிருந்து தொடங்க விரும்புகிறேன். அப்போது லெனின் தலைமையில் இருந்தார். உள்நாட்டுப் போர் ஏறக்குறைய முடிந்திருந்தது. பழியைப் பின்னால் வந்தவர்கள் மீது போட வழியில்லை.

நிலத்தை உழவர்க்கு அளித்த ஆணை, எட்டு மணி நேர வேலை, பெண்களின் மணவிலக்கு உரிமை ஆகிய தொடக்ககாலச் சாதனைகளை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், உழைப்போர் தாமே ஆள்வதுதான் சோசலிசத்தின் உயிர்நிலை. அதிகாரிகளை மக்கள் தேர்ந்தெடுக்கவும் திருப்பி அழைக்கவும் வேண்டும், அவர்களது சம்பளம் ஒரு தொழிலாளியின் கூலியைத் தாண்டக் கூடாது என்று 1917இல் எழுதியவர் லெனினேதான்.

1921 பிப்ரவரியில் பெட்ரோகிராட் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) ஆலைகளில் பசியினாலும் குளிரினாலும் வேலைநிறுத்தங்கள் வெடித்தன. அருகிலிருந்த தீவுக் கோட்டையான க்ரோன்ஷ்டாட்டில், பெத்ரோபாவ்லோவ்ஸ்க் போர்க்கப்பலின் மாலுமிகள் பிப்ரவரி 28 அன்று 15 கோரிக்கைகள் கொண்ட தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். சோவியத்துகள் எனப்படும் மக்கள் மன்றங்களுக்கு இரகசிய வாக்கெடுப்பில் மறுதேர்தல், தொழிலாளர்க்கும் உழவர்க்கும் இடதுசாரி சோசலிசக் கட்சிகளுக்கும் பேச்சுரிமை ஆகியவற்றோடு, உடல்நலத்தைக் கெடுக்கும் தொழில்களில் இருப்போர் நீங்கலாக, உழைப்போர் அனைவருக்கும் சமமான ரேஷன் வேண்டும் என்றும் கேட்டார்கள். புரட்சி நடந்து நான்காம் ஆண்டில், சம ரேஷனைக் கோரிக்கையாக எழுதிக் கேட்க வேண்டிய நிலை இருந்ததே, அதுதான் என் நெஞ்சை உறுத்துகிறது. முதலாளிகளைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி அதில் ஒரு வரிகூட இல்லை.

பனி உருகினால் அந்நியக் கப்பல்கள் கோட்டையை நெருங்கிவிடும் என்று ஆட்சியாளர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சம் பொய்யன்று. ஆனால் அது அவர்களது அவசரத்தை விளக்குமே தவிர, தேர்தலை மறுத்ததற்குக் காரணமாகாது. செம்படைத் தளபதி துகச்செவ்ஸ்கியின் படைகள் வெள்ளை அங்கி போர்த்திக்கொண்டு, உறைந்த கடலின் மீது நடந்து சென்று தாக்கின. மார்ச் 18 அன்று கோட்டை வீழ்ந்தது. பாரிஸ் உழைப்போர் தம் ஆட்சியை நிறுவிய பாரிஸ் கம்யூன் எழுச்சியின் 50ஆம் ஆண்டு நாளும் அதுவே.

அதே நாட்களில் மாஸ்கோவில் கூடிய, ஆளும் போல்ஷெவிக் கட்சியின் பத்தாவது மாநாடு, உழவரிடமிருந்து தானியத்தைப் பறிக்கும் முறையைக் கைவிட்டு வரியாக மாற்றியது. கட்சிக்குள் குழுக்கள் இயங்குவதற்கும் தடை விதித்தது. வயிற்றுக்கான கோரிக்கையில் ஒரு பங்கு கிடைத்தது, வாக்குக்கானது கிடைக்கவில்லை. தொழிற்சங்கங்களே உற்பத்தியை நடத்த வேண்டும் என்று அம்மாநாட்டில் வாதிட்ட, கட்சித் தலைவர்களில் ஒருவரான கொலொந்தாயின் அணியினரும், மாலுமிகளை எதிர்த்துப் போரிட அந்தப் பனிக்கடலுக்குத் தாமாகவே முன்வந்து சென்றார்கள்.