ஈறைக் கரைப்பது யார்?

நேயர்களுக்கு வணக்கம். சொத்தையே இல்லாத பல். ஓட்டை கிடையாது, வலியும் கிடையாது. ஆனாலும் ஆடுகிறது. ஒரு நாள் ரொட்டியைக் கடிக்கும்போது கையோடு வந்துவிடுகிறது. "வயசாகிவிட்டது டாக்டர்" என்கிறார்கள். வந்தவருக்கோ நாற்பதுகூட ஆகியிருக்காது.

பல் எலும்புக்குள் ஆணி அடித்ததுபோல் இறுகி நிற்கவில்லை. வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே ஏறக்குறைய கால் மில்லிமீற்றர் இடைவெளி. அதை நிரப்பியிருக்கும் நார்களே பல்லைப் பிடித்து வைத்திருக்கின்றன. அவை கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை. மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்ட அமைப்பு. இறைச்சியையும் பருப்பையும் செரிக்கின்ற வயிற்று நொதியங்கள்கூட, முறுக்குக் குலையாத கொலாஜனை எளிதில் வெட்டுவதில்லை. கொலாஜனேஸ் என்ற நொதியம் வெட்டும். நாகம் (துத்தநாகம்) என்ற உலோகமும் கல்சியமும் இருந்தால்தான் அது வேலை செய்யும். அது இழையை ஒரே இடத்தில், முக்காலும் காலுமாக நறுக்குகிறது. நறுக்கிய துண்டுகள் உடல் வெப்பத்திலேயே முறுக்கவிழ்ந்துவிடும். மிச்சத்தை மற்ற நொதியங்கள் தின்றுவிடும்.

இந்த நொதியத்தை முதலில் கண்டுபிடித்த இடம் வாய் அல்ல, தவளைக் குஞ்சின் வால். வால் எப்படிக் கரைந்து மறைகிறது என்று பார்க்க, ஜெரோம் கிராஸும் சார்ல்ஸ் லாப்பியரும் 1962 இல் வால் துணுக்குகளைக் கொலாஜன் கூழின்மேல் வைத்தார்கள். துணுக்கைச் சுற்றிக் கூழ் கரைந்து தெளிந்தது.

நம் வாயில் அதைக் கொண்டுவருவது யார்? கிருமிகளிடமும் புரதம் வெட்டும் நொதியங்கள் உண்டு. ஆனால் பெருஞ்சேதம் நம்முடைய படையால்தான் வருகிறது. பல்லடியில் அழுக்குப் படலம் தங்கியதும் வெண்குருதிக் கலங்கள் ஓடிவருகின்றன. கொலாஜனேஸைத் தயாராகத் தங்களுக்குள் வைத்துக்கொண்டே வருகின்றன. படலம் போகாத வரை படையும் போகாது. நொதியத்தை அடக்கிவைக்கும் புரதங்களும் ஈறில் உண்டு. வருடக்கணக்கில் அழற்சி நீடித்தால் அவற்றால் சமாளிக்க முடிவதில்லை.

இந்தக் கதையில் நம்மவர்களுக்கு ஓர் இடம் உண்டு. ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டு ஆய்வாளரின் குழு, 1970 முதல் 1985 வரை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்தது. பல் துலக்கும் வழக்கமே ஏறக்குறைய இல்லாதவர்கள். எல்லோருக்கும் அழுக்கும், அது இறுகிப் படிந்த கல்லும் நிறைய. சொத்தை மட்டும் மிக அரிது. அப்படியிருந்தும் 8 சதவீதத்தினருக்கு ஈறு நோய் வேகமாக முற்றியது. 35 வயதில் பல்லின் பிடிமானம் சராசரியாக 9 மில்லிமீற்றர் இறங்கியிருந்தது. 81 சதவீதத்தினருக்கு நடுத்தர வேகம். 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. ஒரே அழுக்கு, மூன்று விதமான முடிவு. உடல் எப்படி எதிர்த்து நிற்கிறது என்பதில்தான் வித்தியாசம். உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் இந்தக் கணக்கைப் படிக்கிறார்கள். லயத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கு அதில் கொஞ்சம் ஆதங்கம் உண்டு.

நீங்கள் அந்த 11 சதவீதத்தில் ஒருவரா, 8 சதவீதத்தில் ஒருவரா என்பது கண்ணாடியில் தெரியாது. தெரிவது இரத்தம் மட்டுமே. காலையில் பீலிக்கரையில் துப்பும்போது நுரை சிவந்தால், அது அழற்சியின் அடையாளம். வெற்றிலை போடுபவர்களுக்கு எச்சிலே சிவப்பு என்பதால் இது கண்ணில் படுவதில்லை. புகைபிடிப்பவர்களுக்கு இரத்தக் கசிவே குறைந்துவிடும், நோய் உள்ளே நடந்துகொண்டிருக்கும். நீரிழிவு இருந்தால் இன்னும் வேகம். இரத்தம் வருகிறதென்று பலர் அந்த இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த இடத்தில்தான் மெதுவாக, ஆனால் தவறாமல் துலக்க வேண்டும்.

கொலாஜனேஸை அடக்க மருந்தும் உண்டு. டொக்சிசைக்கிளின், கிருமியைக் கொல்லாத சிறிய அளவில், 20 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு முறை. 1998 இல் அமெரிக்கா இதை அனுமதித்தது. கல்லை அகற்றிய பிறகு துணையாகத்தான் இதைக் கொடுப்பார்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் ஆகாது. பாமசியில் நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டாம்.

"கல்லை எடுத்தால் பல் ஆடும்" என்ற பயம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறது. வீக்கம் வற்றியதும் ஈறு சுருங்கும், இடைவெளி தெரியும், குளிர்ந்த தண்ணீர் சில நாள் கூசும். பல்லைப் பிடித்திருந்தது கல் அல்ல. அந்தக் கல்லுக்கு அடியில்தான் நார்கள் அறுந்துகொண்டிருந்தன.