பிளஸ் டூவுக்குப் பிறகு கேமரா

நேயர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடித்துவிட்டு போட்டோகிராபி படிக்கப்போகிறேன் என்று சொல்லும் பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்த போட்டோகிராபி என்பதைத்தான். கல்யாணம், பத்திரிகை, திருப்பூர் பனியன் கம்பெனிக்கு கேட்லாக், காட்டுயிர் என்று எல்லாவற்றுக்கும் கேமரா ஒன்றுதான். பிழைப்புதான் வேறு வேறு. இதில் காட்டுயிரை மட்டும் நம்பி வீட்டு வாடகை கட்டுபவர்கள் மிகக் குறைவு. ஆசைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், சோற்றுக்கு இன்னொன்றைக் கற்றுக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் பெரும்பாலோர் சேர்வது விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன் என்னும் காட்சித் தொடர்பியல். மூன்று வருடப் பட்டம். விளம்பரம், வரைகலை, வீடியோ என்று பல தாள்கள் இருக்கும். அவற்றுள் புகைப்படத்துக்கு ஒன்றோ இரண்டோ கிடைத்தால் பெரிது. அதனால் விண்ணப்பம் வாங்கும் முன்பே கல்லூரிக்கு நேரில் போங்கள். ஒரு கேமராவுக்கு எத்தனை மாணவர்கள், அதை வளாகத்துக்கு வெளியே எடுத்துப்போக விடுவார்களா என்று விசாரியுங்கள். ஸ்டுடியோ இருந்தால் ஸ்ட்ரோப் எனப்படும் பெரிய ஃபிளாஷ் விளக்குகளைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். விவரக்குறிப்பேட்டில் பளபளக்கும் ஸ்டுடியோ, நேரில் போனால் பூட்டிக் கிடப்பதுண்டு.

புகைப்படத்துக்கென்றே நான்கு வருடப் பட்டம் வேண்டுமென்றால், ஐதராபாத்தில் ஜவஹர்லால் நேரு கட்டடக்கலை நுண்கலைப் பல்கலைக்கழகத்தில் பி.எஃப்.ஏ. போட்டோகிராபி என்னும் நுண்கலைப் பட்டம் இருக்கிறது. அதற்கு நுழைவுத் தேர்வு உண்டு. ஊட்டி லவ்டேலில் உள்ள லைட் அண்ட் லைஃப் அகாடமி இந்தத் தொழிலுக்கென்றே டிப்ளமோ நடத்துகிறது. விளம்பரப் படம், விற்பனைப் பொருட்களை எடுக்கும் பொருள் படம் என்று போகிறவர்களுக்கு அது பொருந்தும், செலவைக் கணக்குப் பார்த்துக்கொண்டு சேருங்கள். தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியில் இருப்பது ஒளிப்பதிவுப் பட்டம். அது சினிமாவுக்கான படிப்பு, குழப்பிக்கொள்ள வேண்டாம். குஜராத் காந்திநகரில் என்.ஐ.டி. எனப்படும் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் உள்ள போட்டோகிராபி டிசைன், பட்டம் முடித்தவர்களுக்கானது. பணவசதி இல்லாதவர்கள் ஐ.டி.ஐ.யில் ஒரு வருட 'டிஜிட்டல் போட்டோகிராபர்' பிரிவு பக்கத்தில் எங்காவது நடக்கிறதா என்று பாருங்கள். தொல்லியல் துறை போன்ற அரசு இடங்களில் புகைப்படக்காரர் பணிக்கு ஆள் எடுக்கும்போது, கையில் சான்றிதழ் இருப்பது உதவும்.

எங்கே படித்தாலும் முதல் வருடத்திலேயே வேலை தெரிந்த ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்துவிடுங்கள். லைட் ஸ்டாண்டு தூக்குவதும், ஒயர் சுற்றுவதும், பேட்டரி சார்ஜ் போடுவதும்தான் ஆரம்பம். ஆனால் கூட்டத்தைக் கோபப்படுத்தாமல் நகர்த்துவது எப்படி என்பதை எந்தப் பாடத்திட்டமும் சொல்லித்தராது.

கேமராவைப் பழையதாகவே வாங்கலாம். ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று பாருங்கள். ஆரம்பநிலை கேமராக்களின் ஷட்டர் ஏறத்தாழ 1 லட்சம் முறை தாங்கும் என்று கணக்கு. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், சிலந்தி வலை போலத் தெரிந்தால் பூஞ்சை, விலை பேசாமல் வந்துவிடுங்கள். எல்லோரும் வாங்கச் சொல்லும் 50 மி.மீ. லென்ஸ், சின்ன சென்சார் (ஒளியைப் பதிவு செய்யும் சில்லு) உள்ள கேமராவில் 75 அல்லது 80 மி.மீ. போல நடந்துகொள்ளும், காட்சி குறுகிவிடும். நம் வீட்டுக் கூடத்தில் பின்னால் நகர நகர முதுகில் சுவர் இடிக்கும். அந்தக் கேமராவுக்கு 35 மி.மீ. நல்லது. கடற்கரை ஊர்க்காரர்கள் காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும்படி லென்ஸை வையுங்கள்.

கல்யாண மண்டபம்தான் உண்மையான பரீட்சைக் கூடம். ரிசப்ஷன் மேடையின் எல்.இ.டி. விளக்கொளியில் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மட்டமான விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை வரிவரியாகப் படிப்பதால் அந்த மங்கல் பட்டையாகப் பதிந்துவிடுகிறது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/100 அல்லது 1/50 நொடி வையுங்கள். பின்னால் இருக்கும் எல்.இ.டி. திரை வேறு வேகத்தில் துடிக்கும், அதற்கு முதல்நாளே சோதித்துப் பார்ப்பதுதான் வழி. ஹோமப் புகைக்கு நேராக ஃபிளாஷ் அடித்தால் புகை வெளுத்து முகம் மறையும், ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றிப் பக்கவாட்டில் வையுங்கள். வெள்ளை வேட்டி சட்டைக்காரர்கள் வரிசையாக நின்றால், கேமரா அந்த வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்த்து முகங்களைக் கறுக்க வைக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தை, முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்ட வேண்டும் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பாகும்). தாலி கட்டும் நேரம் இரண்டாவது தடவை வராது, ஆகவே இரண்டு கார்டு போடும் கேமராவில் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி வையுங்கள். வீடு திரும்பி இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏற்றும்வரை எந்தக் கார்டையும் அழிக்காதீர்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, வருமானமும் இல்லை. அந்த மாதங்களுக்குப் பொருள் படம் கைகொடுக்கும். வெள்ளைப் பின்னணிக்குத் தனி விளக்கு கொடுத்து, பொருளைவிட ஏறத்தாழ ஒரு ஸ்டாப் கூடுதலாக வையுங்கள். அதற்கு மேல் போனால் வெளிச்சம் பொருளின் ஓரத்தைத் தின்றுவிடும். டிரோன் ஓட்டிக் காசு வாங்க நினைத்தால், 250 கிராமுக்கு மேற்பட்டவற்றுக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். 18 வயது நிரம்பி, பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும்.

இனி காகிதம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். எடுத்தவர் இல்லை. அந்தப் படத்தை உங்கள் இன்ஸ்டாகிராமில் போட்டு அடுத்த ஆர்டர் பிடிக்க நினைத்தால், அட்வான்ஸ் வாங்கும் ரசீதிலேயே அதற்கான அனுமதியை ஒரு வரி எழுதி, அவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆல்பம் எத்தனை பக்கம், எத்தனை நாளில் கிடைக்கும், நிகழ்ச்சி ரத்தானால் அட்வான்ஸ் என்னாகும் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.