எண்ணெய்க்கு முன்னாடி இருக்கிற சூடு: சின்னக் கத்திக்கான 1084 எஃகு

[திரையில்: வைஸில் ஒரு எஃகுத் துண்டு. முறிந்த முகம் மட்டும் பெரிதாகத் தெரிகிறது.]

எந்தத் தகட்டை வேணும்னாலும் தீட்டிக் கூராக்கிடலாம். அந்தக் கூர் நிக்குமா, வாய் பொக்கை விழாம இருக்குமாங்கிறது எஃகுக்குள்ள நடந்த வேலையைப் பொறுத்தது. அந்த வேலையை எப்படிச் செய்யறது, சரியா நடந்துச்சான்னு எப்படிச் சோதிக்கிறதுன்னு இன்னைக்குப் பார்க்கலாம். நம்ம கையில இருக்கிறது பாக்கெட்டுல வெச்சுக்கிற சின்னக் கத்தி. அலகு 7 சென்டிமீட்டர், தடிமன் 3 மில்லிமீட்டர், எஃகு 1084.

ஏன் 1084? இதுல கார்பன் ஏறக்குறைய 0.84 சதவீதம், கூடவே கொஞ்சம் மாங்கனீஸ், அவ்வளவுதான். சாதாரண கேஸ் உலையிலேயே பிடிபடுற எஃகு இது. D2, AEB-L மாதிரி குரோமியம் நிறைஞ்ச எஃகுக்கு 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல, கட்டுப்பாட்டோட சூடு பிடிக்கிற மின் உலை வேணும். நம்ம ஊர்ப் பட்டறைகள்ல லாரி ஸ்பிரிங் பட்டையில அரிவாள் அடிப்பாங்க. கார்பன் கம்மியா இருந்தாலும் அடி தாங்கும், அரிவாளுக்கு அதுதான் தேவை. ஆனா பழைய பட்டையில கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடியிருக்கலாம். மெல்லிசான சின்னக் கத்திக்கு நான் அதை எடுக்க மாட்டேன்.

[திரையில்: உலைக்குள் அலகு. பக்கத்தில் கம்பி நுனியில் கட்டிய காந்தம்.]

சூடேத்தும்போது காந்தம் ஒட்டலைன்னா, எஃகு கடினமாக எண்ணெய்ல தோய்ச்சு ஆத்திடலாம்னு பல பேர் சொல்லுவாங்க. காந்தம் பாதி உண்மையைத்தான் சொல்லுது. 770 டிகிரியில காந்தம் ஒட்டாம போகும்ங்கிற கணக்கு சுத்த இரும்புக்கானது. 1084-ல 730 டிகிரி தாண்டினதுமே உள் அமைப்பு ஆஸ்டினைட்ங்கிற சூட்டு நிலை அமைப்பா மாறத் தொடங்கிடும். ஆஸ்டினைட்டை காந்தம் இழுக்காது. மாற்றம் நடந்திருக்குன்னு காந்தம் காட்டிடுச்சு, ஆனா கார்பன் எல்லாம் கரைஞ்சு பரவிடுச்சான்னு அதுக்குத் தெரியாது. அதுக்கு 815 டிகிரி வரைக்கும் போய், சில நிமிஷம் அங்கேயே நிக்கணும்.

அதுக்கு மேல போனா? இங்கதான் நிறைய கத்தி கெட்டுப்போகுது. சூடு கூடக்கூட எஃகோட உள் மணிகள், அதாவது நுண்ணிய படிகங்கள், ஒண்ணை ஒண்ணு விழுங்கிப் பெருசாகும். பெரிய மணி இருக்கிற எஃகு லேசா முறியும். வெளியில பார்த்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. நிறத்தை வெச்சுச் சூட்டைக் கணிக்கிறதுக்கு அரை இருட்டு வேணும். வெயில்ல நின்னு பார்த்தா கண்டிப்பா சூடு கூடிடும். உலைச் சூட்டை அளக்கிற தெர்மோகப்பிள் ஒண்ணு வாங்கிடுங்க. இந்த வேலைக்குச் செலவழிக்கிற பணத்துல முதல் செலவு அதுவா இருக்கட்டும்.

எண்ணெய் 50 டிகிரி வாக்குல வெதுவெதுப்பா இருக்கணும். சூடான எண்ணெய் இளகி ஓடும், அதனால வேகமா ஆத்தும். 540 டிகிரி வட்டாரத்தை அலகு ஏறக்குறைய ஒரே நொடியில தாண்டணும், இல்லைன்னா பெர்லைட்ங்கிற மென்மையான அமைப்பு உருவாகிடும். மேலும் கீழுமா ஆட்டுங்க. பக்கவாட்டுல ஆட்டினா கோணிக்கும். தண்ணி வேண்டாம், வாய் விரிசல் விடும். 200 டிகிரி சொச்சத்துக்குக் கீழ இறங்கும்போதுதான் மார்ட்டென்சைட்ங்கிற கடினமான அமைப்பு உருவாகத் தொடங்குது. அதுக்கு முன்னாடி லேசான கோணல் இருந்தா கையுறையோட நிமிர்த்திடலாம். அந்தச் சில நொடிகளைத் தவறவிட்டா அலகு நிமிராது, உடையும்.

[திரையில்: அரம் அலகின் மேல் வழுக்குகிறது.]

இப்ப அரம் போட்டுப் பாருங்க. அரத்தோட கடினம், எஃகோட கடினத்தை அளக்கிற ராக்வெல் அளவுல 65 வாக்குல இருக்கும். அலகுல கடினம் நல்லா ஏறியிருந்தா அரம் கடிக்காம வழுக்கும். கடிச்சுதுன்னா உடனே மனசு விட வேண்டாம். உலையில கார்பனை இழந்த மேல்தோல் மென்மையாத்தான் இருக்கும். கொஞ்சம் தேய்ச்சு எடுத்துட்டு மறுபடி பாருங்க.

ஆறின கையோட டெம்பரிங், அதாவது நொறுங்குற தன்மை குறைய மிதமான சூட்டுல வைக்கிறது. 200 டிகிரியில ரெண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி ரெண்டு மணி நேரம். வீட்டு ஓவனோட குமிழ் காட்டுற எண்ணை நம்பாதீங்க, உள்ள தனியா ஒரு வெப்பமானி வையுங்க. வைக்கோல் நிறம் வந்தா போதும்னு சொல்றதும் முழுசா சரி கிடையாது. அந்த நிறம் மேல படியிற ஆக்சைடோட தடிமன், நேரம் கூடினாலும் மாறும்.

இதுக்கப்புறம் கடினம் ராக்வெல் எந்திரத்துல 60-ஐ ஒட்டி வரும். ஹியூ ராக்வெல், ஸ்டான்லி ராக்வெல்னு ரெண்டு பேர், அமெரிக்காவுல கனெக்டிகட்டுல, பால் பேரிங் வளையத்தைச் சோதிக்க உருவாக்கின கருவி இது. காப்புரிமைக்கு விண்ணப்பிச்சது 1914-ல. 120 டிகிரி வைரக் கூம்பை முதல்ல 10 கிலோ விசையில வெச்சு, அப்புறம் 150 கிலோ வரைக்கும் அழுத்துவாங்க. கூடுதலா இறங்கின ஆழத்துல ஒவ்வொரு 0.002 மில்லிமீட்டருக்கும் நூறுல இருந்து ஒரு புள்ளி குறையும். 60-னா 0.08 மில்லிமீட்டர் ஆழம். தட்டையான காம்புப் பக்கத்துலதான் சோதிக்கணும், மேல்தோலைச் சுரண்டிட்டு.

ஆனா ராக்வெல் எந்திரத்துக்கு எஃகு மணியோட அளவு தெரியாது. அளவுக்கு மீறிச் சூடான அலகும் 60 காட்டும். அதனால அலகு வெட்டின அதே 1084 பட்டையில இருந்து ஒரு துண்டை வெட்டி, அலகோட கூடவே சூடேத்தி, கூடவே தோய்ச்சு, டெம்பர் பண்ணாம வைஸுல வெச்சு உடைங்க. கண்ணாடி போட்டுக்கோங்க, துணி சுத்திக்கோங்க, துண்டு தெறிக்கும். முறிஞ்ச முகம் மங்கின சாம்பல் நிறத்துல நைஸா இருந்தா நல்லது. சர்க்கரை மாதிரி மினுமினுத்தா சூடு மிஞ்சிடுச்சு. அதைத் திருத்தலாம்: 870, 815, 760-னு இறங்குவரிசையில மூணு தடவை சூடேத்தி, ஒவ்வொரு தடவையும் காத்துல ஆறவிட்டு, அப்புறம் மறுபடி தோய்க்கணும்.

அமெரிக்க பிளேடுஸ்மித் சங்கத் தேர்வுல பெரிய கத்தியை 90 டிகிரி வளைக்கச் சொல்லுவாங்க. முதுகு மென்மையா இருந்தாத்தான் அது முடியும். 7 சென்டிமீட்டர் அலகுக்கு அந்தச் சோதனை பொருந்தாது.

[திரையில்: 6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி. தீட்டிய வாய் அதன் மேல் சாய்வாக அழுத்தப்படுகிறது.]

கடைசிச் சோதனை இது, வாய்க்கானது. வாய் லேசா வளைஞ்சு தானா திரும்பி வந்தா சரி. வளையவே இல்லைன்னா வாய் தடிமனா இருக்கு, இன்னும் தேய்ங்க. சூடேத்தி, ஆத்தி எப்படிப் பதம் பண்ணினாலும் எஃகோட விறைப்பு மாறாது. பொரிஞ்சா, டெம்பரை 15 டிகிரி ஏத்தி இன்னொரு சுத்து விடுங்க. மடங்கி அப்படியே நின்னுடுச்சுன்னா டெம்பரைக் குறைச்சுப் பிரயோஜனமில்லை. இறங்கின கடினம் டெம்பரிங்ல திரும்ப ஏறாது. மறுபடி 815-ல இருந்து தொடங்கணும்.